பிருங்கியின் கடைசிப் பக்கம்

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அதை உன் அம்மா தினமும் இரண்டு முறை போனில் கேட்டு, நீ சொன்ன பதிலை எனக்கு இரண்டு மடங்காக்கிச் சொல்லிவிடுகிறாள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய நாவலை அனுப்பிவிட்டு, "அந்த முனிவர் வர்ற அத்தியாயத்த மட்டும் நல்லா படிச்சுப் பாருங்கப்பா. சங்கடமா இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன். திங்கக்கிழமை அச்சுக்குப் போவுது" என்று சொன்னாய். இன்று சனிக்கிழமை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதுவுமில்லாமல், சொல்ல வேண்டியதில் ஒன்று உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்லக்கூடியதாக இல்லை. அதனால் பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதிய இந்தக் கையால் எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புவேன். பிழை இருந்தால் திருத்திக்கொள், எழுத்தாளன்தானே நீ.

போன் திரையில் நாலு வரிக்கு மேல் படித்தால் எனக்குக் கண் கரிக்கிறது என்று டவுனுக்குப் போய் ஜெராக்ஸ் கடையில் முழுவதையும் அச்செடுத்தேன். மெஷின் ஒவ்வொரு பக்கமாகத் துப்பத் துப்ப, கடைக்காரர் எடுத்துப் படித்துக்கொண்டே அடுக்கினார். "இன்னாண்ணே இது, திருவூடல் கதையா?" என்றார். "ஆமா, என் பையன் எழுதினது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று. நாலு பக்கம் கழித்து அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அண்ணே, இந்த பிருங்கி முனிவரு முண்டாசு கட்டறது, போற வழியெல்லாம் தன் பெருமையப் பேசறது, எங்கயோ பாத்த ஆளு மாதிரியே கீதே." நான் விட்டுக்கொடுக்கவில்லை. "முனிவருங்கன்னா அப்படித்தான்யா இருப்பாங்க" என்றேன். "அது சரி, முனிவருக்கு இன்னாத்துக்குண்ணே இடது முழங்கால்ல வலிக்குப் போடற பட்டை?" என்றார். நான் குனிந்து என் முழங்காலைப் பார்த்தேன். கடையில் இருந்த எல்லோரும் என் முழங்காலைப் பார்த்தார்கள்.

கதை உனக்குத் தெரியும், சின்ன வயதில் நான்தான் சொன்னேன். பிருங்கி முனிவர் சிவனைத் தவிர யாரையும் கும்பிட மாட்டார். பக்கத்திலேயே அம்மன் உட்கார்ந்திருந்தாலும் அவளை விட்டுவிட்டுச் சுவாமியை மட்டும் சுற்றுவார். அம்மன் நெருங்கி உட்கார்ந்தாள். முனிவர் வண்டாக மாறி நடுவில் புகுந்து சுற்றினார். 'உடம்பில் இருக்கிற ரத்தமும் சதையும் தாய் கொடுத்தது, அதைக் கொடுத்துவிட்டுப் போ' என்று அம்மன் எடுத்துக்கொண்டாள். வெறும் எலும்போடு நிற்க முடியாமல் தள்ளாடியவருக்குச் சுவாமி இரக்கப்பட்டு மூன்றாவதாக ஒரு காலைக் கொடுத்தார். அந்த முனிவருக்குக் காட்சி கொடுக்கச் சுவாமி கிளம்பியதில்தான் மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் நம் ஊர்த் திருவூடல் தெருவில் சண்டை. சுவாமி முன்னே வருவதும் பின்னே போவதும், அம்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும், மறுநாள் சுவாமி மலையைச் சுற்றிவிட்டு வந்து சமாதானம் ஆவதும். இத்தனை வருஷமும் நான் இதில் முனிவரின் வைராக்கியத்தைத்தான் மெச்சிச் சொல்லியிருக்கிறேன். நீ வாயைப் பிளந்து என் பேச்சைக் கேட்பதாக நினைத்திருந்தேன். என் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் சத்தத்தையும் நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஏனென்றால் உன் நாவலில் அம்மனுக்குக் கோபமே இல்லை. அலுப்புதான் இருக்கிறது. கதவைச் சாத்திய பிறகு அவள் உள்ளே என்ன செய்தாள் என்று நான் கேட்ட எந்தக் கதையிலும் வந்ததில்லை. கதவுக்கு வெளியே நின்ற சுவாமியின் பின்னாலேயே எல்லோரும் போய்விடுவோம். நீ உள்ளேயே நின்றுவிட்டாய். மாலையைக் கழற்றித் தூணில் மாட்டுகிறாள். ஆறிப்போன பொங்கலை யாருக்கும் பரிமாறாமல் தானே முதலில் சாப்பிடுகிறாள். அப்புறம் காலை நீட்டி உட்காருகிறாள். அந்த 'காலை நீட்டி' என்ற இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். உன் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்தது எப்போது? ரொம்ப நேரம் யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். உன்னைப் பெற்றுவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது. அங்கேயும் கட்டிலின் கால்மாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன், முழுசாக நீட்டியிருக்க முடியாது.

உன் புத்தகத்தைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நம் பஜ்ஜிக் கடை இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. மற்ற நாளில் ஈ ஓட்டுவோம். பௌர்ணமி வந்தால் சாயங்காலம் நாலு மணியிலிருந்து மூச்சுவிட நேரம் இருக்காது. சரியாக அந்த நேரத்துக்குத்தான் நான் குளித்து, திருநீறு பூசி, முண்டாசு கட்டி, "மலைய சுத்திட்டு வந்துடறேன்" என்று டவுனுக்குக் கிளம்புவேன். முறையாக ராஜகோபுரத்து முன்னால் கற்பூரம் ஏற்றித்தானே தொடங்க வேண்டும். பதினாலு கிலோமீட்டர், எல்லாம் குடும்ப நன்மைக்காக. குடும்பம் அங்கே வாணலியின் முன்னால் நின்று வெந்துகொண்டிருக்கும். பாதி தூரம் வந்ததும் நம் கடை வரும். உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லா போவுதா?" என்று விசாரித்துவிட்டு, சூடாக ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு நடப்பேன். அந்தக் கூட்டத்தில் வரிசையில் நிற்காத ஒரே பக்தன் நான்தான். சுவாமியைச் சுற்றினேன், அம்மனைத் தாண்டிப் போனேன். நீ எழுதிய பிருங்கி வண்டாக மாறித்தான் புகுந்தான். எனக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, கடையின் பக்கவாட்டுக் கதவு திறந்தே இருந்தது.

ஆனால் இவ்வளவு ஞானமும் ஜெராக்ஸ் கடையில் வரவில்லை. அங்கிருந்து கிளம்பும்போது எனக்குக் கோபம்தான். பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தேன். உன் அம்மா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"உன் பையன் இன்னா எழுதி வெச்சிருக்கான்னு தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தினம் அவனும் நானும் போன்ல இன்னா பேசறோம்னு நெனச்சீங்க? மழை பெஞ்சுதா, சோறு தின்னியான்னா?"

"அப்ப அந்த முழங்கால் பட்டையும் நீதான் சொன்னியா?"

"சேச்சே. முண்டாசு மட்டும்தான் நான் சொன்னது. பட்டை அவனே பாத்தது. அவனுக்கும் கண்ணு கீதில்ல" என்று சொல்லி, அடுத்த காயை எடுத்தாள்.

கோபம் அடங்கியதும் பயம் வந்தது. தை மாதம் உனக்குக் கல்யாணம். நித்யாவின் அப்பாவைப் போன வாரம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பார்த்தேன். "மாப்ள ஏதோ சாமி புஸ்தகம் எழுதறாராமே சம்பந்தி" என்றார். "ஆமாங்க, பக்தி நூல்" என்று சொல்லி வைத்தேன். அப்போது உன் நாவலில் ஒரு வரிகூட நான் படித்திருக்கவில்லை. சாமி கதையில் கை வைத்தது குற்றமாகிவிடுமோ என்று, எனக்குப் பழக்கமான கோயில் குருக்கள் ஒருவரிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, வருஷா வருஷம் அம்பாள் பக்கம் நின்னு கதவைச் சாத்தறது யாரு? நாங்கதானே? சுவாமி வெளில நிக்கறாரேன்னு தொறந்து விட்டுடறோமா? ஊர் மொத்தமும் பாத்துண்டு நிக்க நாங்க பண்றதை, ஒம் பிள்ளை பேப்பர்ல பண்ணியிருக்கான். போ, போ" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். அம்மனின் நியாயத்தை நீ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை தம்பி. நம் ஊர் அதை வருஷத்துக்கு ஒரு தடவை தெருவில் வைத்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. என்னைப் போன்றவர்கள் அதை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "சாப்பாடு ரெடியா?" என்று கேட்டோம்.

ஆக, அந்த அத்தியாயத்தில் எனக்குச் சங்கடம் இல்லை. என்னைக் கிண்டல் செய்த இடங்களை இரண்டாம் தடவை படித்தபோது நானே சிரித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போது, முனிவர் போற வழியில் பேசும் பெருமைகளில் ஒன்றிரண்டை நீ விட்டுவிட்டாயே என்றுகூடத் தோன்றியது. சங்கடம் கடைசிப் பக்கத்தில்தான். எலும்பும் தோலுமான பிருங்கி மூன்று காலால் நொண்டி நொண்டி மலையிறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் அம்மனின் காலில் விழுந்து, 'எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடு தாயே' என்று கதறுகிறான். அவள் கதவைத் திறக்கிறாள். படிக்கிறவர்கள் அங்கே அழுவார்கள். நீ அதை எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். உன் பதினாலாவது வயதில் நான் சொன்ன கதை அது. அந்தக் கதை பொய், தம்பி. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். உனக்கு மூன்று வயது. அந்தப் பொங்கலுக்கு, "நானும் ஒரு தடவ திருவூடல் பாக்கறேங்க, இவ்ளோ கிட்ட இருந்துகினு பாத்ததே இல்ல" என்றாள் உன் அம்மா. "கடைய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டுவிட்டு நான் மட்டும் போனேன். போனதோடு விட்டேனா? திரும்பி வந்து, சுவாமி எப்படி ஆடி ஆடி வந்தார், அம்மன் எப்படி வெடுக்கென்று திரும்பினாள், கதவு எப்படிச் சாத்தப்பட்டது என்று அவள் முன்னாலேயே நடித்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். மறுநாள் காலையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பையோடு செங்கத்தில் இருக்கும் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். பதினோரு நாள். உனக்கு நான் சொன்ன கதையில், பதினோராவது நாள் நான் செங்கம் போய், உன் மாமா, மாமி, அக்கம்பக்கத்தார் எல்லோர் முன்னாலும் உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, தலை நிமிர்ந்து அழைத்து வந்தேன். நீ என்னைப் பெருமையோடு பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

உண்மையில் அந்தப் பதினோரு நாளும் நான் கடையைத் திறந்து வைத்துப் படாத பாடு பட்டேன். மாவைத் தண்ணியாகக் கரைத்துவிட்டேன். வாழைக்காய் தனியாகவும் மாவு தனியாகவும் எண்ணெயில் நீந்தின. உப்பு டப்பாவைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அம்மன் ரத்தத்தையும் சதையையும் எடுத்துக்கொண்டாள் என்று நீ எழுதியதை மற்றவர்கள் கற்பனை என்று நினைப்பார்கள். எனக்கு அன்றைக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. எட்டாவது நாள் செங்கத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். மாமா வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம்தான். வெட்கமாக இருந்தது. அங்கே இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று வாயில் போட்டேன். டப்பா காலியானதும் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று திரும்பி வந்துவிட்டேன். இங்கே கேட்டவர்களிடம் வழியில் பஸ் பிரேக்டவுன் என்று சொன்னேன். பதினோராவது நாள் பௌர்ணமி. காலையில் பார்த்தால், உன் அம்மா உன்னோடும் பையோடும் கடை வாசலில் நிற்கிறாள். அந்த நேரத்தில் நான் அவளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உன்னால் அழகாக எழுத முடியும். நான் சொன்னது, "வந்துட்டியா? மீதி கடலை மாவு எங்க இருக்குது?" என்பதுதான். "மேல் தட்டுல, உங்க கண்ணுக்கு நேரா" என்றாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

இத்தனை வருஷமும் உன் அம்மா நான் சொன்ன பொய்யை மறுக்கவில்லை. என்னை நல்லவனாக வைத்தே நீ ஒரு புத்தகத்தை முடித்துவிட்டாய். கிண்டலை வாங்கிக்கொள்ளலாம், செய்யாத நல்லதுக்குப் பாராட்டை அச்சடித்து வாங்கிக்கொள்வது கூச்சமாக இருக்கிறது.

இதோடு உன்னையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பையன், கேட்டுக்கொள். அம்மனுக்கு அலுப்பு என்று உனக்குத் தெரிந்தது சந்தோஷம். கதவுக்கு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாய், அது எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் போன தீபாவளிக்கு வந்து நாலு நாள் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை எழுதினாயே, அந்த நாலு நாளும் நீ சாப்பிட்ட தட்டை எடுத்தது யார்? அம்மன் பரிமாறாமல் சாப்பிட்ட வரியை எழுதும்போது உன் முன்னால் காப்பி கொண்டுவந்து வைத்தது யார்? நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நானும் எடுக்கவில்லை, அதனால் கேட்க வாய் வரவில்லை. புத்தகத்தில் நியாயம் சொல்வது பெரிய விஷயம்தான். அது வேலையில் பாதி. மீதிப் பாதி பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடக்கிறது. நித்யாவும் உன்னைப் போல வேலைக்குப் போகிற பெண். அவள் முதல் தடவை கதவைச் சாத்தும்போது வெளியே நின்று அதைப் பற்றி எழுத உட்காராதே.

அறிவுரை சொல்லிவிட்டால் அதன்படி நடக்க வேண்டுமே. அதனால் நேற்று சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, உன் கடைசிப் பக்கத்தை நிஜமாக்கிவிடலாம் என்று துணிந்தேன். அவள் எண்ணெய் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன மன்னிச்சுடு" என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா ஒண்ணுத்துக்கும் இல்லன்னு அர்த்தம். ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

முதலில் மாவைக் கேட்டதைச் சொன்னேன். "உம்" என்றாள். அடுத்து, இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாத செங்கம் பஸ் ஸ்டாண்டுக் கதையைச் சொன்னேன், மைசூர்பாகு உட்பட. "அது தெரியும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க அண்ணன் அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் வந்துச்சு. தூரத்துல நின்னு பாத்துட்டு வீட்டுக்கு வந்து, 'உன் வூட்டுக்காரு பெஞ்சுல குந்திகினு தனியா ஸ்வீட் துன்னுகினு கீறாரு'ன்னு சொல்லிச்சு. வீடே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். அப்பால மூணு ராவும் யோசிச்சேன். அவ்ளோ தூரமாச்சும் வந்தாரே, மீதி தூரத்த நாம போயிக்கலாம்னுதான் வந்தேன்." உன் மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, அது என்ன சிரிப்பு என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூக்கை உறிஞ்சினேன். உன் அம்மா அப்போதுதான் திரும்பினாள். "இங்க நின்னு அழுவாதீங்க. எண்ணெய்ல தண்ணி பட்டா தெறிக்கும்" என்று சொல்லி என்னை முழங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டாள். அப்புறம் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஜ்ஜி கேட்டு வந்த இரண்டு பேர், என்ன விஷயம் என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள்.

ஆகவே என் பதில் இதுதான். அத்தியாயத்தை எடுக்காதே. முண்டாசு இருக்கட்டும், முழங்கால் பட்டை இருக்கட்டும், சம்பந்தியை நான் சமாளித்துக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் திங்கட்கிழமைக்குள் மாற்றி எழுது. பிருங்கி காலில் விழ வேண்டாம், கதற வேண்டாம். மூன்றாவது கால் கொடுத்தது நிற்பதற்குத்தானே, நின்றே பேசட்டும். எல்லாவற்றுக்கும் என்று ஒரே மூச்சில் தப்பித்துக்கொள்ள விடாதே, ஒவ்வொன்றாகச் சொல்ல வை. அம்மன் கதவைத் திறந்தாளா என்பதை நீயும் முடிவு செய்யாதே, நானும் செய்ய மாட்டேன். அவள் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

நேற்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்ததில் நான் இப்போது ஏழாவதில் இருக்கிறேன். எட்டாவது, அந்தத் திருவூடலை நடித்துக் காட்டியது. இந்தத் தையில் அவள் அதை நேரில் பார்க்க டவுனுக்குப் போகிறாள், வாணலி என் பொறுப்பு என்று நான் சொன்னதற்கு, "பாக்கலாம்" என்றிருக்கிறாள். இதை எழுதி முடிக்கும் வரை காத்திருக்கச் சொல்லியிருந்தேன். காத்திருக்க முடியாதாம். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிறாள்: "உம், அப்பால?"

போகிறேன்.

அப்பா